ஒன்றில் தொடங்கும் எண்கள்

நான் செய்த தவறு ஒரே ஒரு வரி. அதைக் கணினியில் அடிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கள்ளக்குறிச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே எங்கள் அறை இருந்தது. வெயில் தாங்காமல் ஜன்னலுக்கு அட்டையை வைத்து மறைத்துக்கொண்டு, டீ ஆறிக்கொண்டிருக்கும்போது எழுதிய வரி அது. ஒன்றில் தொடங்கும் மூன்றிலக்க எண் எதை அழுத்தினாலும், பேசுகிறவரின் குரலை இரண்டு நொடி கழித்து அவருக்கே திருப்பி அனுப்பு. அவ்வளவுதான். சோதனைக்காக எழுதியது. சோதனை முடிந்ததும் எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்ட எனக்கு மனசு இல்லை.

நாங்கள் இரண்டு பேர். நானும், கல்லூரியில் என்னோடு படித்த ஒரு நண்பனும். இருவருமே சென்னையில் டெலிகாம் வேலை பார்த்து, அலுத்துப்போய், ஊர்ப்பக்கம் திரும்பியவர்கள். என் ஊர் சின்னசேலம். அம்மாவைப் பொறுத்தவரை அவள் மகள் நல்ல வேலையை விட்டுவிட்டு ரேடியோ ரிப்பேர் பார்க்கிறாள். அது முழுக்கத் தப்பும் இல்லை.

கல்வராயன் மலையில் டவர் இல்லாத ஊர்கள் நிறைய. பெரிய கம்பெனிக்கு அங்கே டவர் வைத்தால் கட்டுப்படியாகாது. முப்பது நாற்பது வீடுகளுக்காக யார் மலையேறுவது? நாங்கள் போன ஊரில், மேற்கே ஒரு பாறை இருக்கிறது. அதன்மேல் ஏறி ஃபோனைத் தலைக்கு மேல் பிடித்தால், சமவெளியில் உள்ள ஏதோ ஒரு டவர் ஒரு புள்ளி காட்டும். பேசுவதற்கு ஏறிப்போக இருபது நிமிஷம், இறங்க பதினைந்து. மழையில் அதுவும் கிடையாது.

நாங்கள் செய்தது சின்ன டவர். டவர் என்று சொன்னால் சிரிப்பார்கள், செருப்பு வைத்துத் தரும் அட்டைப்பெட்டி அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு ரேடியோ பலகை, ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், அதை ஒட்டி ஒரு ஆன்டெனா, பக்கத்தில் சோலார் தகடு, பேட்டரி. இதில் விசேஷம் என்னவென்றால் எதுவுமே பூட்டி வைத்தது இல்லை. கம்பெனி டவருக்குள்ளே என்ன ஓடுகிறது என்று அதைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியருக்கே தெரியாது. எங்களுடையதில் பலகையின் வரைபடம் இணையத்தில் கிடக்கிறது. யாரும் இறக்கிச் செய்துகொள்ளலாம். மென்பொருளின் ஒவ்வொரு வரியும் திறந்தே இருக்கிறது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், தவறு இருந்தால் சுட்டிக்காட்டலாம். இதை நான் இரண்டு மூன்று கூட்டங்களில் மைக் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். கைதட்டினார்கள். அந்த மலையில் அதை யார் திறந்து படிக்கப்போகிறார்கள் என்று அந்தக் கூட்டங்களில் யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அலைந்து திரிந்து சோதனை அனுமதி வாங்கினோம். ஊருக்குள் மட்டும் பேசிக்கொள்ளலாம், வெளி நெட்வொர்க்கோடு இணைக்கக் கூடாது என்பது நிபந்தனை. பள்ளிக்கூட மொட்டைமாடியில் பெட்டியை ஏற்றினோம். நாங்களே எழுதிய சிம் கார்டுகளை வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ கொடுத்தோம். எல்லாருக்கும் மூன்றிலக்க எண், இருநூற்று ஒன்றிலிருந்து. ஒன்றில் தொடங்குகிற எண்களை எங்கள் சோதனைக்கென்று வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு தடவையும் ஏதாவது எண்ணை அழுத்தி, ஹலோ சொல்லி, நம் குரல் தெளிவாகத் திரும்பி வருகிறதா என்று பார்ப்போம். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான் இது. இது வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மாடிச் சாவி ஊரில் ஒருவரிடம் இருந்தது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், மரவள்ளி போடுகிறவர். சோலார் தகட்டைத் துடைப்பது, விளக்கு பச்சையா சிவப்பா என்று பார்ப்பது, சிவப்பு என்றால் பாறைக்கு ஏறி எங்களுக்கு ஃபோன் பண்ணுவது எல்லாம் அவர்தான். யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்ட பொறுப்பு. இருநூற்று ஒன்று அவருடையது, இருநூற்று இரண்டு அவர் மனைவியுடையது. அந்த ஊரின் முதல் அழைப்பு அவர் மாடியிலிருந்து கொல்லையில் நின்ற மனைவிக்குப் போனது. எல்லாரும் சுற்றி நிற்க, என்ன பேசுவதென்று தெரியாமல், "இன்னா செய்ற?" என்று கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து, "கண்ணு தெரியலயா? இங்கதான நின்னுக்கினு கீறேன்," என்று பதில் வந்தது. கொல்லை மாடியிலிருந்து கூப்பிடு தூரம். எல்லாரும் சிரித்தார்கள். அந்தம்மா எங்களை எப்போதும் கிண்டல் பண்ணும். பெட்டிக்குள்ளே என்ன குஞ்சு பொரிக்கிறீங்களா, இத்தனை தடவை ஏறி எட்டிப்பாக்குறீங்களே என்று கேட்கும்.

சிம்மோடு ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தோம். வெளியூர் எண்களுக்கு இதில் பேச முடியாது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். அதை எழுதியதும் நான்தான். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

அது நடந்த அன்று நான் மலையில் இல்லை. கள்ளக்குறிச்சியில் இருந்தேன், என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதுகூட ஞாபகம் இல்லை. பகல் பதினொரு மணி போல மரவள்ளிக் காட்டில் களை எடுக்கும்போது அந்தம்மாவைப் பாம்பு கடித்துவிட்டது. கண்ணாடி விரியன். மூன்றாம் நாள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இறந்துபோனது. எங்களுக்குச் செய்தி தெரிந்தது எல்லாம் முடிந்த பிறகுதான். ஆறாம் நாள் நானும் நண்பனும் துக்கம் விசாரிக்கப் போனோம்.

வீட்டு வாசலில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். அவர் எதிரே தரையில் குந்தியிருந்தார். தாடி முளைத்திருந்தது. நாங்கள் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். வந்தவர்கள் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி அது ஒரு ஒழுங்குக்கு வந்திருந்தது.

கடித்ததும் அவர் கையில் இருந்தது எங்கள் ஃபோன். வெளியே பேச முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் நூற்றெட்டு அப்படி இல்லை, காசு இல்லாவிட்டாலும் போகும், சிக்னல் முழுசாக இல்லாவிட்டாலும் போகும் என்று எல்லாரும் சொல்லிக் கேட்டிருக்கிறார். எங்கள் ஃபோனிலோ சிக்னல் முழுசாக இருந்தது. அழுத்தினார். உடனே எடுத்துவிட்டார்கள்.

"ஒரு வார்த்த வுடாம திருப்பிச் சொன்னாருங்க அந்தாளு," என்றார். "ஊரு பேரு சொன்னேன், திருப்பிச் சொன்னாரு. பாம்பு கட்சிட்டுதுன்னேன், அதையும் திருப்பிச் சொன்னாரு. சரியா எழுதிக்கினாதான திருப்பிச் சொல்லுவாங்க. அதுவும் நம்ம பேச்சுங்க. டவுனு ஆளு மாதிரி இல்ல, மலப் பேச்சு. நம்ம ஆளுதான் உக்காந்துகினு கீறாருன்னு தெகிரியமா இருந்துச்சு."

காப்பி டம்ளர் என் கையில் இருந்தது. சூடாக இருந்தது, கீழே வைக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து நின்றாராம். வண்டியில் ஆட்டிக்கொண்டு போக வேண்டாம், ஆம்புலன்ஸ் வருது, அதில் மருந்து இருக்கும் என்று இவர்தான் அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். மனைவியைத் தூக்கிக்கொண்டு போய் ரோட்டு வளைவில் படுக்க வைத்துக் காத்திருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேலே. கடைசியில் கிழங்கு ஏற்ற வந்த ஒரு வேனை நிறுத்தி அதில் போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். இன்னும் சீக்கிரம் வந்திருந்தால், என்று டாக்டர் ஆரம்பித்து முடிக்காமல் விட்டாராம்.

நான் எழுந்து, பெட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். சாவியை இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மாடியில் தகடு சுத்தமாகத் துடைத்திருந்தது. மனைவி செத்த வீட்டில் இருந்துகொண்டு இதை யார் துடைத்தது என்று யோசித்தேன். அவர்தான் துடைத்திருப்பார், வேறு யார்? லேப்டாப்பைச் சொருகி அழைப்புப் பதிவைத் திறந்தேன். இருநூற்று ஒன்றிலிருந்து நூற்றெட்டு. இணைந்தது. நாலு நிமிஷம் பன்னிரண்டு நொடி. பெட்டியை விட்டு வெளியே போகவில்லை.

அங்கேயே அந்த வரியை அழித்தேன். யாருக்கும் சொல்வதற்கு முன்னால் அதைத்தான் செய்தேன். கை போய் அழித்தது, சேமித்தது, பெட்டியை மூடியது. கீழே வந்து சாவியைக் கொடுத்து, தைரியமா இருங்க என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினேன். அந்த வார்த்தையைத்தான் சொன்னேன்.

இறங்கும் வழியில், ஒரு வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி, நண்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு கச்சிராயபாளையத்தில் பஜ்ஜி சாப்பிட்டோம். நான் நாலு தின்றேன். நன்றாக இருந்தது. அந்த பஜ்ஜி ருசியாக இருந்ததை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. உடம்பு மரத்துப்போன பல்லு மாதிரி இருந்தது. நாக்கால் தொட்டால் இருக்கிறது, ஆனால் என்னுடையது இல்லை.

நண்பன் கெட்டவன் இல்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் சொன்னான். சொல்லி என்ன ஆகப்போகிறது, அந்தம்மா திரும்பி வரப்போவதில்லை, திட்டம்தான் நின்றுபோகும், மற்ற ஊர்களுக்கும் கிடைக்காமல் போகும். அதோடு, அந்த வரியை எடுத்துவிட்டோமே. அவன் சொன்ன ஒவ்வொன்றும் நான் ஏற்கெனவே எனக்குச் சொல்லிக்கொண்டதுதான். அதனால் அவனோடு சண்டை போட முடியவில்லை. பத்து நாள் நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை. வழக்கம்போல அறைக்குப் போனேன், வந்தேன். யாராவது என்னைக் கண்டுபிடித்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். எல்லாமே திறந்துதான் கிடந்தது. யாரும் பார்க்கவில்லை.

பதினோராம் நாள் அவர் பாறையில் ஏறி எனக்கு ஃபோன் செய்தார். விளக்கு சிவப்பாகிவிட்டதோ என்று நினைத்துக்கொண்டு எடுத்தேன். அவர் கேட்டது வேறு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போகிறார். அன்றைக்குப் பதினொரு மணிக்கு நூற்றெட்டில் உட்கார்ந்து ஃபோனை எடுத்த ஆள் யார் என்று கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்க வேண்டும். வண்டி இல்லை என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, பைக்கில் போயிருப்பார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு ஏமாற்றியிருக்கிறான், அதுவும் நம்ம பேச்சு பேசுகிறவன். அதுதான் அவருக்கு ஆறவில்லை. தான் பேசியதற்குச் சாட்சி வேண்டும், நீங்கள்தான் பெட்டியில் எல்லாம் பதிவாகும் என்று சொன்னீர்கள், அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு வர முடியுமா மேடம் என்று கேட்டார்.

வருகிறேன் என்றேன்.

ஃபோனை வைத்த பிறகுதான் எனக்கு அது விளங்கியது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் இல்லாத ஒரு ஆளைத் தேடிக்கொண்டே இருப்பார். எங்கோ ஒரு அறையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அவரைக் கேள்விப்பட்டே இராத யாரோ ஒருவர்மேல் அந்தப் பழி விழும். மலைப்பக்கத்து ஆள் ஒருவர் அங்கே வேலை பார்த்தால் அவர் தொலைந்தார். நண்பனிடம் சொன்னேன். வராதே என்று அவனைத் தடுத்துவிட்டு, பதிவை அச்செடுத்துக்கொண்டு தனியாகப் போனேன்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் சந்தை மாதிரி இருக்கும். பட்டா கேட்டு வந்தவர்கள், பென்ஷன் கேட்டு வந்தவர்கள், பாதையை அடைத்துவிட்டான் என்று வந்தவர்கள். வெளியே புங்கமரத்து நிழலில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஒரு வயதானவர் முன்னால் குந்தியிருந்தார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மனு பாதி முடிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, வெயிலில் அலைய வைத்துவிட்டேன் என்று வருத்தப்பட்டார்.

எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை.

"அன்னிக்கு நீங்க பேசுனது நூத்தியெட்டுக்குப் போகலைங்க," என்றேன். "பெட்டியிலயே நின்னுட்டுது. நீங்க பேசுனத அது உங்களுக்கே திருப்பிக் குடுத்துது. நாங்க சோதனைக்கு அப்படிச் செஞ்சு வச்சிருந்தோம். எடுக்க மறந்துட்டோம். மறந்தது நான்தான்."

அவருக்குப் புரியவில்லை என்று தெரிந்தது. மறுபடி சொன்னேன். மனு எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"அப்ப அந்த ஆளு?" என்று கேட்டார்.

"ஆளே இல்லைங்க. அது உங்க கொரல்."

"என் கொரலு எனக்குத் தெரியாதா?"

ஃபோனில் கேட்டால் யாருக்கும் தன் குரல் தெரியாது என்றேன். என் கையில் இருந்த பேப்பரை வாங்கிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார், நான் நேராக்கவில்லை. அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் எனக்கு ஏதாவது தோன்றும் என்று ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மனு எழுதுகிறவர்தான் முதலில் பேசினார். அவருக்கு அன்றைக்கு இன்னும் பத்துப் பேர் காத்திருந்தார்கள். இப்போது யார் மேலே எழுதுவது என்று கேட்டார். என் மேலே எழுதுங்கள் என்றேன். பெயர், தகப்பனார் பெயர், விலாசம் எல்லாம் கேட்டார், சொன்னேன். புதுத் தாளில் முதலிலிருந்து எழுதினார். நல்ல கையெழுத்து. அவர் காட்டிய இடத்தில் இவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அந்த மனுவை வைத்துப் பிறகு விசாரித்தார்கள், அனுமதி நின்றது, பெட்டியை நாங்களே போய் இறக்கினோம். அது ஆபீஸ்காரர்கள் சமாச்சாரம், நடந்தது.

டோக்கன் வாங்கிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தோம். கூட்டத்தில் இரண்டு நாற்காலி பக்கத்துப் பக்கத்தில்தான் கிடைத்தது. என் மேலே மனு கொடுக்க வந்தவரும் நானும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், வாங்கிக் குடித்தார்.

பிறகு முன்னால் பார்த்துக்கொண்டே, "ஃபோனுல ஒரு பொம்பள அழுவுற சத்தமும் கேட்டுக்கினே இருந்துச்சுங்க," என்றார். "அவங்க ஆபீசுல யாரோ அழுவுறாங்க, பாவம், அவங்களுக்கு இன்னா கஷ்டமோன்னு நெனச்சேன்."

பாட்டிலை மூடி என்னிடம் நீட்டினார்.

"அது இவதானா?"

"ஆமாங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். என் பக்கம் திரும்பினார். அன்று முழுவதும் அப்போதுதான் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அந்தச் சத்தம் பெட்டிக்குள்ள கீதுங்களா மேடம்? எடுத்துத் தர முடியுமா? அவ கொரலு எங்ககிட்ட வேற எதுலயுமே இல்ல."

இல்லைங்க என்றேன். அது எதையும் வைத்துக்கொள்ளாது, இரண்டு நொடிதான், திருப்பிக் கொடுத்துவிட்டு அழித்துவிடும். அப்படித்தான் எழுதியிருந்தேன்.

அதற்குத்தான் அவர் அழுதார். ஆள் இல்லை என்றபோதும், தவறு என்னுடையது என்றபோதும் அழாதவர், அத்தனை கூட்டத்தில் முகத்தை மூடிக்கொள்ளாமல் அழுதார். அவருடைய டோக்கன் எண்ணை உள்ளேயிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவை நான் அவர் கையைப் பிடித்து எழுப்பி, மனுவை அவர் கையில் கொடுத்து, கதவு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டேன்.